தோக்கின் முன்பக்கமும் பின்பக்கமும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெரியவர் கூப்பிட்டார். வயசு எண்பதைத் தொடப் போகிறது. வீட்டை விற்றுவிட்டு ஃப்ளோரிடாவில் மகளோடு போய் இருக்கப் போகிறாராம். கராஜைக் காலி செய்துகொண்டிருந்தார். ஏணி, புல்வெட்டும் மெஷின் எல்லாம் தருவார் என்று நினைத்துப் போனேன். அவர் உள்ளே போய் நீளமான ஒரு உறையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். வின்செஸ்டர் 94. லீவர் ரைஃபிள். "நீ நல்ல பையன், உனக்குத்தான் தரணும்னு நினைச்சேன். யோசிச்சுச் சொல்லு" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் தங்கமணி ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "வேண்டாம்." பன்னிரண்டு வயசுப் பையனோ, "அப்பா, ப்ளீஸ்!" நான் நடுவில். பொட்டி தட்டிப் பிழைக்கிறவனுக்கு எதுக்கு இந்தச் சோதனை?

முதலில் அந்தச் சாமானைப் பற்றிக் கொஞ்சம். கவ்பாய் படங்களில் ஹீரோ குதிரைமேல் உட்கார்ந்து, துப்பாக்கிக்கு அடியில் இருக்கும் வளையத்தை "கடக் கடக்" என்று கீழே தள்ளி மேலே இழுப்பாரே, அதேதான். கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும், சுத்தியல் பின்னால் போகும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே போகும். தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பென்ஜமின் டைலர் ஹென்றி என்ற அமெரிக்கர் 1860-ல் இதற்கு உரிமம் வாங்கினார். அந்தக் கம்பெனியை நடத்திய ஆலிவர் வின்செஸ்டர் பிறகு தன் பேரிலேயே 1866, 1873 மாடல்களை விட்டார். ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1894 மாடல் 70 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருடையதும் அதில் ஒன்று.

"ஹென்றி" என்ற பேரைப் படித்ததும் எனக்கு இன்னொரு ஹென்றி ஞாபகம் வந்தார். வெள்ளைக்காரன் காலத்து மார்ட்டினி-ஹென்றி. அதற்கும் அடியில் லீவர் உண்டு. ஆனால் தோட்டாக் குழாய் கிடையாது. ஒவ்வொரு தடவையும் லீவரைத் தள்ளி, கையால் ஒரு தோட்டாவைப் போட்டு மூட வேண்டும். பிரிட்டிஷ் ராணுவம் 1871-ல் ஏற்றுக்கொண்டது. இந்த ஹென்றி எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஹென்றி. குழலுக்குள் வெட்டியிருக்கும் சுழல் கோடுகள் அவருடைய வேலை. அமெரிக்க ஹென்றியின் ரைஃபிள் கடையில் காசு கொடுத்தவனுக்குக் கிடைத்தது. ஸ்காட்லாந்து ஹென்றியின் ரைஃபிள் நம் ஊருக்கு வந்தபோது யார் கையில் இருக்கலாம், யார் கையில் இருக்கக்கூடாது என்பதை மேலிடம் முடிவு செய்தது. இந்தப் பதிவே அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

சரி, கொசுவத்தியைச் சுத்திக்கொள்ளுங்கள். ஊருக்குப் போவோம்.

எனக்குப் பாறசாலைக்குப் பக்கம். நெய்யாற்றின்கரை தாலுகா, கேரளம். கிழக்கே கொஞ்சம் நடந்தால் களியக்காவிளை, தமிழ்நாடு. பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ். துப்பாக்கிக்கு எங்கள் ஊர்ப் பேர் "தோக்கு". யாழ்ப்பாணத்து நண்பர்கள் "துவக்கு" என்பார்கள். "துப்பாக்கி" துருக்கிச் சொல்லிலிருந்து வந்தது. பேர் எதுவானாலும் எங்கள் வீட்டில் யாரும் அதைத் தொட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் தோக்கு இல்லாத காலம் என்று பெரிதாக எதுவும் இல்லை. நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் ஒரு பழைய பலாமரம் உண்டு. எதிரிகளுக்குப் பயந்து மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில் ஒளிந்தார் என்பது கதை. அம்மச்சிப் பிலாவு என்பார்கள். அதே மார்த்தாண்ட வர்மாதான் 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். பிடிபட்ட டி லனாய் அரசரிடமே வேலைக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுத்தார். தக்கலை பக்கம் புலியூர்க்குறிச்சியில் இருக்கும் உதயகிரிக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலை இருந்தது. 1777-ல் இறந்த டி லனாயின் கல்லறையும் அங்கேதான். ஸ்கூல் டூர் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

ஆக, 18-ஆம் நூற்றாண்டிலேயே எங்கள் ஊர்களுக்குப் பக்கத்தில் பீரங்கி வார்த்தார்கள். அது நிலைத்ததா? இல்லை. தலக்குளத்துக்காரரான திவான் வேலுத்தம்பி 1809 ஜனவரியில் குண்டறையில் நின்று ஆங்கிலேயருக்கு எதிராக அறைகூவல் விடுத்தார். அடுத்த மாதமே கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணை உடைத்து உள்ளே வந்தது. வேலுத்தம்பி மண்ணடியில் இறந்தார். அதோடு திருவிதாங்கூரின் படை பெரும்பாலும் கலைக்கப்பட்டது. மிஞ்சிய சிறு படைக்கு 1830-ல் "நாயர் பிரிகேட்" என்று பேர் வைத்தார்கள். யாருக்கு அதில் இடம் என்பது பேரிலேயே இருக்கிறது. பனை ஏறியவனுக்கும் வயலில் இறங்கியவனுக்கும் அந்தத் தோக்கு நெடுங்காலம் எட்டாத பொருள்.

இப்போது மார்ட்டினி-ஹென்றிக்கு வருவோம். 1857-க்குப் பிறகு வெள்ளைக்காரன் ஒரு கணக்கு வைத்திருந்தான். இந்தியச் சிப்பாய் கையில் இருப்பது வெள்ளைச் சிப்பாய் கையில் இருப்பதைவிட ஒரு தலைமுறை பழசாக இருக்க வேண்டும். அவன் மார்ட்டினி-ஹென்றி தூக்கியபோது நம் ஆள் கையில் ஸ்னைடர். அவன் அடுத்ததற்குப் போன பிறகுதான் மார்ட்டினி நம் ஆளுக்கு இறங்கி வந்தது.

சிப்பாய்க்கே இப்படி என்றால் குடிமக்களுக்கு? லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது 1878-ல் வந்த ஆயுதச் சட்டம், பிரிட்டிஷ் இந்தியாவில் இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும் என்றது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு. குடகு மக்களுக்கும் விலக்கு இருந்தது, அது இன்றுவரை நீட்டிக்கப்பட்டு வருகிறது. திருவிதாங்கூர் சமஸ்தானம் என்பதால் அந்தச் சட்டம் அங்கே நேரடியாகப் பாயாது. ஆனால் சமஸ்தானப் படைக்கு மேல் யார் கண் இருந்தது என்பதை 1809 காட்டிவிட்டது.

அதோடு நிற்கவில்லை. 1907-ல் இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவுத் தோட்டாவைத் தனியாருக்குத் தடை செய்தார்கள். காரணம் இதே மார்ட்டினி-ஹென்றிதான். கிளர்ச்சிக்காரர்கள் கையில் நிறைய இருந்தது. தோட்டா கிடைத்தால் வம்பு. வெள்ளைக்கார வேட்டைக்காரர்களுக்காக லண்டன் கம்பெனிகள் உடனே .470, .465 என்று புது அளவுகளைச் செய்தன. ராணுவத்தின் .303-ம் தனியாருக்கு இல்லை என்றானது. இன்றைக்கும் இந்தியாவில் லைசென்ஸ்காரர் வாங்கும் ரைஃபிள் .315 என்று ஒரு விசித்திர அளவில் இருக்கிறதே, அதன் வேர் இங்கேதான். ராணுவத் தோட்டா அதில் பொருந்தக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். இங்கே அமெரிக்காவில் கடைக்காரர் "மானுக்கா, கரடிக்கா, சும்மா டின் டப்பா சுடவா?" என்று கேட்டு அளவைச் சொல்கிறார். நம் ஊரில் அளவைச் சொன்னது அரசாங்கத்தின் பயம்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம்.

1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் ஆரம்பித்தது. மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்று கேட்டார்கள். தலைவர் பட்டம் தாணுபிள்ளை. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். ஆகஸ்ட் கடைசியில் தலைவர்களைக் கைது செய்தார்கள். ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் கூடிய ஜனங்கள்மேல் பட்டாளம் சுட்டது. அத்தாழமங்கலம் வீரராகவன் உட்படப் பலர் இறந்தார்கள். எங்கள் பாட்டாவுக்கு அப்போது பத்து வயசு. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். அன்றைக்கு ராத்திரி ஊரில் ஒருத்தர் வீட்டிலும் விளக்கு வைக்கவில்லை என்பார்.

பதினாறு வருஷம் போனது. சுதந்திரம் வந்தது, ராஜா போனார், திருவிதாங்கூர்-கொச்சி என்று மாநிலம் ஆனது. தமிழர் இருக்கும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் போராடினார்கள். எங்கள் நெய்யாற்றின்கரையும் அந்தக் கோரிக்கையில் இருந்தது. 1954 ஆகஸ்ட் 11. மார்த்தாண்டத்திலும் (அப்போது தொடுவெட்டி) புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பலர் செத்தார்கள்.

அப்போது முதலமைச்சர் யார் தெரியுமா? பட்டம் தாணுபிள்ளை. அதே பட்டம் தாணுபிள்ளைதான். 1938-ல் தோக்கின் முன்னால் நின்ற இயக்கத்தின் தலைவர், 1954-ல் தோக்கின் பின்னால் இருந்த அரசாங்கத்தின் தலைவர். அவர் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, "சொந்த ஜனங்களைச் சுட்ட மந்திரிசபை பதவி விலக வேண்டும்" என்று நின்றார். மந்திரிசபை விலகவில்லை, கட்சிதான் பிளந்தது. ஆட்சியில் இருக்கும் தன் கட்சியையே அப்படிக் கேட்டவர் இந்திய அரசியலில் எத்தனை பேர், நீங்களே யோசியுங்கள்.

பாட்டா அன்றைக்கு வாழைக்குலையோடு தொடுவெட்டிச் சந்தைக்குப் போயிருந்தார். குலையைப் போட்டுவிட்டு ஒரு ஓடைக்குள் குதித்துப் படுத்தவர், இருட்டிய பிறகுதான் வீடு வந்தார். பிற்காலத்தில் நான் தீபாவளிக்குப் பொட்டு வெடித் தோக்கு கேட்டு அழுதபோது வாங்கித் தரவில்லை. "தோக்குக்கு ரெண்டு பக்கம் உண்டு மக்ளே. பொறத்தால நிக்கது சர்க்காரு. முன்னால நிக்கது நாம. ஆரு வந்தாலும் நாம நிக்க எடம் மாறல்ல" என்றார். அப்போது புரியவில்லை. பட்டம் தாணுபிள்ளையின் கதையைப் படித்தபோதுதான் புரிந்தது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டுக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எங்களுக்கும் மார்த்தாண்டத்துச் சொந்தங்களுக்கும் நடுவில் களியக்காவிளை செக்போஸ்ட் வந்தது.

இன்றைய நிலை என்ன? 1959 ஆயுதச் சட்டம் 1962-ல் அமலுக்கு வந்தது. லைசென்ஸ் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு. ஒருவர் மூன்று துப்பாக்கி வைக்கலாம் என்று இருந்ததை 2019 திருத்தம் இரண்டாகக் குறைத்தது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். நடுவில் ஒரு வேடிக்கை. மரச்சீனியையும் வாழையையும் காட்டுப்பன்றி தோண்டித் தீர்க்கிறது என்று விவசாயிகள் கதறியதால், 2022-ல் கேரள அரசு பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்குக் கொடுத்தது. ஆனால் சுட லைசென்ஸ் துப்பாக்கிக்காரர் வேண்டுமே! மலையடிவாரத்தில் பயிரைப் பறிகொடுத்தவன், துப்பாக்கி உள்ள ஒருவரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

சரி, கராஜ் மேசைக்குத் திரும்புவோம். இங்கே இருக்கும் நம்மவர்களில் சிலர் வாங்குவதாகக் கேள்விப்படுகிறேன். அவர்களுக்கு நான் விசாரித்துத் தெரிந்துகொண்ட மூன்று விஷயம். ஒன்று: எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல், துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம். நண்பர் சும்மா கொடுத்தாலும் குற்றம்தான். கிரீன் கார்டு இருந்தால் கதை வேறு, ஆனால் மாநிலச் சட்டத்தையும் பாருங்கள். இரண்டு: லீவர் ரைஃபிளில் குழாய்க்குள் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னதன் பின்புறத்தில் முட்டிக்கொண்டிருக்கும். அதனால் கூர்மூக்குத் தோட்டா ஆபத்து. தட்டை மூக்கோ, இதற்கென்றே செய்த மென்மூக்கோதான் போட வேண்டும். மூன்று: வின்செஸ்டர் 94-ன் பழைய மாடல்களில் தனி சேஃப்டி கிடையாது. சுத்தியலைப் பாதியில் நிறுத்துவதுதான் பாதுகாப்பு. காலி செய்யவும் ஒவ்வொரு தோட்டாவாக லீவரைத் தள்ளி வெளியே எடுக்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டிய இரும்புப் பெட்டி இல்லாமல் நினைத்தே பார்க்காதீர்கள்.

போன ஞாயிறு பெரியவர் என்னை ரேஞ்சுக்குக் கூட்டிப் போனார். ஐந்து தோட்டா. தோளில் ஒரு இடி, காதடைப்பையும் மீறி ஒரு சத்தம், தூரத்தில் காகிதத்தில் ஒரு ஓட்டை. எனக்குத் தெரிந்து எங்கள் வம்சத்தில் தோக்கின் பின்பக்கம் நின்ற முதல் ஆள் நான். பிடித்திருந்ததா என்று கேட்டால், பொய் சொல்ல மாட்டேன், பிடித்திருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது.

திரும்பி வரும்போது காரில் சொல்லிவிட்டேன். "உங்களுக்கு மான் வேட்டை இருந்தது, அதனால் இது தேவைப்பட்டது. எனக்கு இதால் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இல்லை." அவர் தலையாட்டிவிட்டு, "அப்படியானால் ஏணியையாவது எடுத்துக்கொள்" என்றார். எடுத்துக்கொண்டேன்.

பையன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் அவனை உட்கார வைத்து, தொடுவெட்டிச் சந்தையில் வாழைக்குலையைப் போட்டுவிட்டு ஓடைக்குள் குதித்த அவனுடைய கொள்ளுப்பாட்டாவின் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அந்த வாழைக்குலை என்னாச்சு அப்பா?"

பாட்டாவிடம் நான் அதைக் கேட்கவே இல்லை.