255.255.255.0 வந்த வழி
தேனி மாவட்டம் கடமலைக்குண்டில் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் 'ஐபிகான்ஃபிக்' என்று அடித்தால், ஐ.பி. முகவரிக்கு அடுத்த வரியில் பெரும்பாலும் 255.255.255.0 என்று நிற்கும். சப்நெட் மாஸ்க். நெட் வராத அன்றைக்கு மட்டும் நம் கண்ணில் படுகிற எண்.

1981இல் ஐ.பி. நான்காம் பதிப்பின் விதிகள் வெளியானபோது அவற்றில் மாஸ்க் கிடையாது. முகவரியின் முதல் சில பிட்டுகளே ஏ, பி, சி என்று வகுப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே நிறுவனத்துக்குள் பல நெட்வொர்க்குகள் முளைத்ததும் அது போதவில்லை. 1985இல் ஜெஃப்ரி மோகலும் ஜான் போஸ்டலும் எழுதிய ஆர்.எஃப்.சி. 950 என்ற ஆவணம் மாஸ்க்கை முறைப்படுத்தியது: 32 பிட்டுகளில் நெட்வொர்க்குக்கு உரியவை 1, மற்றவை 0.

தேனி தனி மாவட்டமாகிப் பல வருடம் ஆகியும் கடமலைக்குண்டின் பின்கோடு மதுரையின் 625இல்தான் தொடங்குகிறது. தூரத்தில் தபால் பிரிக்கிறவருக்கு அந்த மூன்று இலக்கம் போதும். ஊரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ரூட்டரும் முகவரியில் மாஸ்க் காட்டும் முன்பகுதியைத்தான் தன் ரூட்டிங் அட்டவணையோடு ஒப்பிடுகிறது. பல வரிகள் பொருந்தினால், நீளமான முன்பகுதி உள்ள வரியே ஜெயிக்கும். மாஸ்க் 0.0.0.0 என்றிருக்கும் வரி எந்த முகவரிக்கும் பொருந்தும். வேறு வழி இல்லாத பாக்கெட் அதைப் பிடித்துப் போகும்.

255.255.255.0 என்ற ஒரே மாஸ்க்கை ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமாகக் காட்டுவதுதான் வேடிக்கை. லினக்ஸின் பழைய 'ரூட்' கட்டளை 'ஜென்மாஸ்க்' என்ற தலைப்பின் கீழ் 255.255.255.0 என்கிறது. மேக்கில் 'ஐஎஃப்கான்ஃபிக்' போட்டால் பதினாறடிமான எண்ணில், 255க்கு எஃப்எஃப் வீதம், ஆறு எஃப்பும் இரண்டு பூஜ்யமும் வரும். லினக்ஸ் கெர்னல் தன் அட்டவணையைக் கொட்டிவைக்கும் கோப்பிலோ, இன்டெல் கம்ப்யூட்டரென்றால் பைட்டுகள் தலைகீழ்: பூஜ்யங்கள் முன்னால். கெர்னல் தன் நினைவகத்தில் இருப்பதை அப்படியே அச்சிடுவதன் விளைவு இது. முதல்முறை பார்க்கிறவர் மாஸ்க்கே கெட்டுவிட்டது என்று நினைப்பதில் தப்பில்லை.

ஆர்.எஃப்.சி. 950, 1கள் விட்டுவிட்டு வருவதைக்கூட அனுமதித்தது (பரிந்துரைக்கவில்லை). அப்படியானால் முழு மாஸ்க்கையும் எழுதித்தான் ஆகவேண்டும். 1993இல் வகுப்புகளைக் கைவிட்டு சி.ஐ.டி.ஆர். என்ற முறை வந்தது; 1கள் இடப்பக்கத்திலிருந்து தொடர்ச்சியாக வருவதே நடைமுறையாயிற்று. பிறகு எத்தனை 1 என்ற கணக்கு போதாதா? 255.255.255.0 சுருங்கி /24 ஆனது. லினக்ஸின் 'ஐபி ரூட்' அப்படித்தான் காட்டுகிறது; படிக்க எனக்கு இதுவே தோது.

விண்டோஸ் மட்டும் இரண்டு காலத்திலும் கால் வைத்திருக்கிறது. 'ரூட் பிரிண்ட்' போட்டால் மேலே ஐ.பி. நான்குக்கு நெட்மாஸ்க் என்று தனிப் பத்தி, கீழே ஐ.பி. ஆறுக்கு /64, /128 என்று வெறும் சாய்கோடு.