விளக்கெண்ணெயில் நின்ற வண்டிகள்

1925 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி காரின் முதுகில் ஓர் இரும்புத் தொட்டியைப் பொருத்தி, தொழிற்சாலையிலிருந்தே தயாராக வரும் பிக்கப்பை 281 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அந்த வண்டியில் பிரேக் ஆயில் ஒரு சொட்டுகூடக் கிடையாது. பெடலை மிதித்தால் கியர் அமைப்புக்குள் இருக்கும் ஒரு பட்டை இறுகும். கைநெம்புகோலை இழுத்தால் பின்சக்கர டிரம்கள் பிடிக்கும். அதை ஓட்டிய அமெரிக்க விவசாயிக்கு, பிரேக்குக்குள் ஒரு திரவம் கெட்டுப்போகக்கூடும் என்ற கவலையே வந்திருக்காது.

அந்தத் திரவத்தைக் காருக்குள் கொண்டுவந்தவர் மால்கம் லாக்ஹீட். தம்பி ஆலனோடு சேர்ந்து 1913இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் மேல் கடல் விமானம் பறக்கவிட்டவர் அவர். தம்பி விமானத்தோடு நின்றுகொண்டார். பின்னாளின் லாக்ஹீட் விமான நிறுவனம் அந்த வழியில் வந்ததுதான். மால்கத்தின் மனமோ பிரேக்கில் இருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் கம்பியும் நெம்புகோலுமாக இழுத்தால், ஒரு சக்கரம் முந்திப் பிடித்து வண்டி ஒரு பக்கமாக வெட்டும். குழாய்க்குள் அடைபட்ட திரவமோ நான்கு பக்கமும் ஒரே அழுத்தத்தைக் கொடுக்கும். 1919இல் அவர் டெட்ராய்ட்டுக்குப் போய் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்.

இரண்டே ஆண்டுகளில் உலகம் அதைப் பார்த்தது. 1921 ஜூலையில் லெ மான் சாலைகளில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரியில், ஹைட்ராலிக் பிரேக் பொருத்திய டியூசன்பர்க் காரை ஓட்டி ஜிம்மி மர்பி வென்றார். அமெரிக்கக் கார் ஒன்று கிராண்ட் பிரி வென்றது அதுவே முதல் முறை. அந்தக் காரின் பிரேக் குழாய்களில் ஓடியது கிளிசரின் கலந்த தண்ணீர்.

ஆரம்ப கால லாக்ஹீட் பிரேக்குகளின் சிலிண்டருக்குள் தோலால் ஆன அடைப்புகள் இருந்தன, அவை கசிந்தன. கிரைஸ்லர் பொறியாளர்கள் தோலை எடுத்துவிட்டு ரப்பர் கப் வைத்தார்கள். 1924இல் வந்த முதல் கிரைஸ்லர் காரிலும், 1928இல் வந்த விலை குறைந்த பிளிமத்திலும் அந்த அமைப்புதான். ரப்பர் வந்ததும் திரவத்துக்கு ஒரு புது நிபந்தனையும் கூடவே வந்தது. இயற்கை ரப்பர் மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெய் பட்டால் ஊதிப் பிதுங்கிவிடும். ஊதிய கப் சிலிண்டருக்குள் சிக்கிக்கொண்டால், காலை எடுத்த பிறகும் பிரேக் விடாது. பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ எஞ்சின் ஆயிலையோ தவறுதலாக பிரேக் டப்பாவில் ஊற்றிவிட்டால் மெக்கானிக் தலையில் கை வைப்பது இதனால்தான்.

ரப்பரோடு ஒத்துப்போகும் எண்ணெயைத் தேடியவர்களுக்குக் கிடைத்தது விளக்கெண்ணெய். நம் பாட்டிகள் பேதிக்குக் கொடுத்த அதே ஆமணக்கு எண்ணெய்தான். தனியாக ஊற்றினால் குழாயில் ஓட முடியாத அளவு கெட்டி. ஆகவே சரிபாதி ஆல்கஹால் சேர்த்தார்கள். சோவியத் நாட்டில் விளக்கெண்ணெயும் பியூட்டைல் ஆல்கஹாலும் கலந்த சிவப்புத் திரவம் பல பத்தாண்டுகள் ஓடியது. உராய்வைக் குறைப்பதிலும் ரப்பரைக் காப்பதிலும் அது உண்மையிலேயே நல்ல திரவம். ஆனால் கடும் குளிரில் உறையத் தொடங்கும். சூடேறினால் அதிலுள்ள ஆல்கஹால் கொதித்துவிடும். பியூட்டைல் ஆல்கஹாலின் கொதிநிலையே 117 டிகிரிதான். எத்தைல் ஆல்கஹால் 78 டிகிரியிலேயே ஆவியாகிவிடும்.

ஹென்றி ஃபோர்டு இந்த வம்பே வேண்டாம் என்று நின்றார். பெடலிலிருந்து சக்கரம்வரை எஃகு என்பதையே அவருடைய நிறுவனம் பெருமையாக விளம்பரம் செய்தது. ஷெவர்லே 1936இல் மாறிய பிறகும் ஃபோர்டு மூன்று ஆண்டுகள் பிடிவாதமாக இருந்து, 1939 மாடல்களில்தான் இறங்கிவந்தது. குழாய் ஒன்று அறுந்தால் நான்கு சக்கரமும் போய்விடும் என்ற பயம் அன்று நியாயமானதுதான். அதற்கான பதில், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை உள்ள மாஸ்டர் சிலிண்டர். அமெரிக்கக் கார்களில் அது கட்டாயமானது 1968இல்தான்.

போருக்குப் பிறகு வண்டிகள் கனத்தன, வேகம் கூடியது, விளக்கெண்ணெய்க் கலவையால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதன் இடத்துக்கு கிளைக்கால் ஈதர்கள் வந்தன. இன்று கடையில் வாங்கும் டாட் 3, டாட் 4 எல்லாம் அந்தக் குடும்பம்தான். இவற்றின் பெரிய குணம், பெரிய குறை இரண்டும் ஒன்றே: காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இது ஏன் குணம் என்றால், உள்ளே வந்த தண்ணீர் தனிச் சொட்டாகத் திரண்டு தாழ்வான இடத்தில் தங்கினால் அங்கே துரு பிடிக்கும், குளிரில் உறையும், 100 டிகிரியிலேயே கொதிக்கும். கிளைக்கால் அந்தத் தண்ணீரைத் தனக்குள் கரைத்துப் பரப்பிவிடுகிறது. விலையாகத் தன் கொதிநிலையைக் கொடுக்கிறது. புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரிவரை தாங்க வேண்டும், சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அதற்குரிய அளவு 140 டிகிரிதான். டாட் 4இல் இது 230இலிருந்து 155ஆக இறங்குகிறது. மூடியை ஒருமுறைகூடத் திறக்காத வண்டியிலும் ரப்பர் ஓஸ்கள் வழியே ஈரம் மெல்ல ஊறிவரும். ஓடிய கிலோமீட்டரைவிட ஆண்டுக் கணக்கு முக்கியமாவது அதனால்தான்.

கொதித்தால் என்ன நடக்கும்? திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியை முடியும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வரும் ஓட்டுநர், ஒரு வளைவில் பெடல் பஞ்சுபோல் அமுங்குவதை உணர்வார். அடுத்த மிதியில் அது தரையைத் தொடும். உள்ளே இருக்கும் ஆவிக்குமிழைச் சுருக்குவதிலேயே காலின் பலம் முழுவதும் தீர்ந்துவிடும். இதில் கொடுமை என்னவென்றால், அரை மணி நேரம் ஆறவிட்டால் ஆவி மறுபடி திரவமாகி, பெடல் பழையபடி கெட்டியாக நிற்கும். மெக்கானிக் வந்து பார்க்கும்போது கசிவு இருக்காது, பழுது தெரியாது. ஓட்டுநர் சொல்வதை நம்பக்கூட ஆள் இருக்காது.

பிக்கப்களில் இந்த ஆபத்து கூடிய காலமும் உண்டு. 1971இல் ஷெவர்லே பிக்கப்களின் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் வழக்கமான அங்கமானது. டிஸ்க்கில் பேடின் முதுகோடு ஒட்டியே காலிப்பரின் பிஸ்டன் இருக்கிறது. அதன் மறுபுறம் திரவம். பேடில் எழும் சூடு நேராக அங்கே போய்ச் சேரும். 1987இல் ஃபோர்டு எஃப் வரிசை பிக்கப்கள் பின்சக்கர ஏபிஎஸ்ஸோடு வந்தன. அதன் நுண்ணிய வால்வுகளுக்கு அழுக்குத் திரவம் ஆகாது. பிரேக் குழாய்கள் பெரும்பாலும் செம்பால் பற்றவைத்த இரட்டைச் சுவர் எஃகுக் குழாய்கள். திரவத்திலுள்ள துருத்தடுப்புச் சரக்கு தீரத் தீர, அந்தச் செம்பு கரைந்து கலக்கத் தொடங்கும். இன்று பட்டறைகளில் தாள் பட்டையைத் தோய்த்துப் பார்ப்பது இந்தச் செம்பைக் கண்டுபிடிக்கத்தான்.

அரசுகளும் இதைப் பொருட்படுத்தின. கார் பாதுகாப்புக்கான பெரிய சட்டம் 1966இல் வருவதற்கு முன்பே, 1962இல் அமெரிக்கா பிரேக் ஆயிலுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. பிறகு வந்த 116ஆம் எண் தரவிதி, டப்பாவின் மீது அச்சிட வேண்டிய எச்சரிக்கைகளைக்கூட வரையறுத்தது: மூடியை இறுக மூடு, ஈரமும் அழுக்கும் படவிடாதே, வேறு டப்பாவில் ஊற்றி வைக்காதே. அமெரிக்க ராணுவம் இன்னும் ஒரு படி போய், ஆண்டுக்கணக்கில் நிற்கும் வண்டிகளுக்காக ஈரத்தை உறிஞ்சாத சிலிக்கோன் திரவத்துக்கு மாறியது. பெயர் டாட் 5, நிறம் ஊதா. ஆனால் அது காற்றுக் குமிழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் ஏபிஎஸ் வண்டிகளுக்கு உதவாது. மற்றவற்றோடு கலக்கவும் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆயிலை மாற்றும் பழக்கம் எல்லா நாட்டிலும் ஒன்றாக வேரூன்றவில்லை. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொன்னார்கள், ஹோண்டா மூன்று ஆண்டு என்றது. அமெரிக்கக் கையேடுகள் பல நெடுங்காலம் அளவைப் பார், குறைந்தால் ஊற்று என்பதோடு நிறுத்திக்கொண்டன. ஆல்கஹால் ஆவியாகிக் குறைந்த காலத்துக்கு அந்தப் பழக்கம் பொருந்தியது, கிளைக்காலுக்குப் பொருந்தாது. கிளைக்கால் கெட்டாலும் டப்பாவில் அளவு குறையாதே! அதிகம் சுமந்து அதிகம் சூடேறும் பிக்கப்புக்கு இந்தக் குறை மற்ற வண்டிகளைவிடக் கூடுதலாகவே உறைத்திருக்க வேண்டும்.

நம் ஊரில் ஹைட்ராலிக் பிரேக் தயாரிப்பு சென்னை பாடியோடு பிணைந்தது. டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் கர்லிங் பிரேக்குகளைத் தயாரித்த லூகாஸும் கைகோத்து 1962இல் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. 2005இல் டாடா ஏஸ், 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த் என்று சின்னச் சரக்கு வண்டிகள் மூலைமுடுக்கெல்லாம் பெருகின. ஊட்டி கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவதும் அத்தகைய வண்டிகள்தான். அதே ஊட்டி மலையில், 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டி சாலையில் நடந்த விபத்துகள் காரணமாகவே வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வருவது முதல் காப்பு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, முக்கியமாக மழைக்காலம் முடிந்தபின், சீல் உடைக்காத புதிய டப்பா வாங்கி ஆயிலை முழுக்க மாற்றுவது அடுத்தது. பாதி உபயோகித்துப் பட்டறை அலமாரியில் கிடக்கும் டப்பா கூடாது.

பிக்கப்பில் மட்டும் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பின் ஆக்சிலுக்கு மேலே, சுமைக்கு ஏற்ப பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று பல வண்டிகளில் உண்டு. வெறும் வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பின்சக்கரங்கள் தொங்கும்போது, சுமையே இல்லை என்று அது பின்னால் போகும் ஆயிலைக் கட்டுப்படுத்திவிடும். டொயோட்டா ஹைலக்ஸில் அந்த வால்வுக்கே, ஏர் எடுப்பதற்கான ஒரு பிளீடர் திருகு வைத்திருக்கிறார்கள். நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்துவிட்டு அதைத் திறக்காமல் விட்டால், அதற்குள் பழைய ஆயில் அப்படியே நின்றுவிடும்.