வாக்காளர் பட்டியலும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

1989ஆம் ஆண்டில் தமிழகம் இரண்டு தேர்தல்களைக் கண்டது. ஜனவரி 21 அன்று சட்டமன்றத்திற்கு நடைபெற்ற தேர்தலில் 21 வயது நிரம்பியோரே வாக்களித்தனர். நவம்பரில் நாடாளுமன்றத்திற்கு நடைபெற்ற தேர்தலிலோ 18 வயது இளைஞர்களும் வரிசையில் நின்றனர். இடையில் மார்ச் 28 அன்று அரசியலமைப்புச் சட்டத்தின் 61ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்திருந்தது. நமது மஹல்லாவில் இன்று ஐம்பதைக் கடந்து நிற்கும் சகோதரர்கள் பலர் அந்த முதல் வரிசையைச் சேர்ந்த தலைமுறையினரே. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது அந்த வயதை எட்டியுள்ளனர். ஆகவே வாக்குரிமை நம் கைக்கு வந்த வரலாற்றை இம்மலரில் எடுத்துரைப்பது பொருத்தமெனக் கருதுகிறோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் வாக்குரிமை என்பது சொத்தோ வரியோ கல்வியோ உடையோருக்கான சலுகையாகவே இருந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வட்டத்தைச் சற்று விரித்தது. ஆயினும் வயது வந்தோரில் பெரும்பாலோர் வெளியிலேயே நின்றனர். நாடு விடுதலை பெற்றபின், எழுத்தறியாதவருக்கும் ஏழைக்கும் செல்வந்தருக்கும் ஒரே வாக்கு என அரசியல் நிர்ணய சபை முடிவு செய்தது. 21 வயது நிரம்பிய அனைவருக்கும் அவ்வுரிமையை 326ஆவது பிரிவு உறுதி செய்தது.

இங்கு நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அரசியலமைப்புச் சட்டம் நிறைவேறுவதற்கு முன்னரே, 1947ஆம் ஆண்டின் இறுதியிலேயே, வாக்காளர் பட்டியல் தயாரிக்கும் பணி குறித்த கடிதப் போக்குவரத்து தொடங்கிவிட்டது. பிரிவினையால் அகதிகளாய் வந்தவர்கள் தங்கள் பெயரைச் சேர்க்குமாறு மனு எழுதினர். பொதுமக்கள் அமைப்புகள் அதிகாரிகளிடம் விளக்கம் கேட்டன. குடிமகனாக நடந்துகொள்ளும் பயிற்சி, வாக்குச்சாவடிக்குச் செல்வதற்கு முன்பே, இந்தப் பட்டியலைப் பார்வையிடுவதிலிருந்தே தொடங்கியது என்று சொல்லலாம்.

1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடைபெற்ற முதற் பொதுத் தேர்தலுக்கான பட்டியலில் 17 கோடிக்கும் அதிகமானோர் இடம்பெற்றனர். அன்று எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் மட்டுமே. அத்தகைய பெரும் பணியிலும் ஒரு குறை நேர்ந்தது. வட மாநிலங்கள் பலவற்றில், வீட்டிற்கு வந்த அலுவலரிடம் பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்றே பதிவாயிற்று. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அவ்வாறான பதிவுகளை ஏற்கவில்லை. பெயரைச் சேர்க்கக் கூடுதல் அவகாசம் அளிக்கப்பட்ட பின்னரும் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். சட்டம் உரிமை தந்திருந்தது. பதிவேட்டில் பெயர் இல்லாமையால் அது பயனற்றுப் போயிற்று. சென் அவர்களின் முடிவு கடுமையானதுதான். எனினும் 1957 தேர்தலுக்குள் நிலைமை பெரிதும் சீரடைந்தது.

இது எங்கோ வடக்கே நிகழ்ந்தது என நாம் கடந்துவிட இயலாது. நம் இல்லங்களில் ஒரே மனிதரின் பெயர் குடும்ப அட்டையில் ‘முகமது’ என்றும், பள்ளிச் சான்றிதழில் ‘முஹம்மது’ என்றும், கடவுச்சீட்டில் வேறொரு விதமாகவும் இருப்பதைக் காண்கிறோம். பெண்களின் பெயரில் ‘பீவி’ ஓர் ஆவணத்தில் இருக்கும், மற்றொன்றில் இராது. ஜமாஅத்தின் குடும்பப் பதிவேட்டைப் பேணுவோர் இத்தொல்லையை நன்கறிவர்.

வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டபோது, இக்கால இளைஞர்கள் கல்வியும் விழிப்புணர்வும் பெற்றவர்கள் என்பதே அரசு கூறிய காரணங்களுள் முதன்மையானது. சில மாநிலங்கள் உள்ளாட்சித் தேர்தல்களில் அவ்வயதை முன்னரே ஏற்றிருந்தன. ஆயினும் பட்டியலில் சேர ஜனவரி முதல் நாள் ஒன்றே தகுதி நாளாக நீண்ட காலம் இருந்தது. ஜனவரி 2இல் பிறந்த பிள்ளை 18 நிரம்பியும் ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க வேண்டும்! 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள்கள் நான்கும் தகுதி நாள்களாயின. 17 வயது நிரம்பியோர் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் வழி பிறந்தது.

2025 நவம்பரில் தமிழகத்தில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வீடு வீடாகப் படிவங்கள் வழங்கப்பட்டன. 2002, 2005ஆம் ஆண்டுகளின் பழைய பட்டியல்களில் தம் பெயரையோ பெற்றோரின் பெயரையோ தேடிக் குறிப்பிட வேண்டியிருந்தது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தோர், இடம் பெயர்ந்தோர், இருமுறை பதிவானோர் எனக் காரணங்கள் கூறப்பட்டன. விடுபட்ட தகுதியுள்ளோர் படிவம் 6 வழியாக மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். பெயர்ப் பிழை, முகவரி மாற்றம் ஆகியவற்றிற்குப் படிவம் 8 உள்ளது. கைப்பேசியில் தேர்ந்த நம் பிள்ளைகள், கண் மங்கிய பெரியவர்களுக்கும் வெளிநாட்டில் பிழைப்போரின் குடும்பத்தாருக்கும் இதில் செய்யக்கூடிய உதவி பெரிது. ஒரு தெருவின் பட்டியலை அமர்ந்து சரிபார்க்கும் இளைஞன், மேடைப் பேச்சுகள் பலவற்றிலிருந்து கற்பதைக் காட்டிலும் மிகுதியாகக் கற்பான் என்பது எங்கள் எண்ணம்.

பட்டியலில் உள்ள பெயர் வாக்களிக்கும் நாளோடு முடிவதன்று. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர் ஆவர். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் இதனை வகுத்தது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றுடன் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் தமிழகத்தில் கிராம சபை கூட வேண்டும் என்பது ஏற்பாடு. ஊராட்சியின் வரவு செலவு அங்கு வைக்கப்படுகிறது. குடிநீர், தெருவிளக்கு, வடிகால் எதுவாயினும் 18 வயது இளைஞர் எழுந்து கேட்கலாம். தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்யலாம். 21 வயது நிரம்பினால் ஊராட்சி உறுப்பினர் பதவிக்குப் போட்டியிடவும் தடையில்லை.