வேகமான விமானம், நகராத வரிசை!

2003, அக்டோபர் 24. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தைச் சுற்றிலும் திருவிழாக் கூட்டம். எல்லோரும் அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாலை நான்கு மணிவாக்கில், கொக்கு மாதிரி மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கான்கார்டு விமானங்கள் வந்து இறங்கின. கடைசியாக இறங்கியது நியூயார்க்கிலிருந்து வந்தது. கேப்டன், மைக் பானிஸ்டர். கான்கார்டின் பயணிகள் சேவை அதோடு முடிந்தது!

கான்கார்டின் பெருமை உங்களுக்குத் தெரியும். ஒலியைப்போல இரண்டு மடங்கு வேகம். லண்டன் - நியூயார்க் சுமார் மூன்றரை மணி நேரம்தான். லண்டனில் பத்தரைக்குக் கிளம்பினால், நியூயார்க்கில் இறங்கும்போது அந்த ஊர்க் கடிகாரம் ஒன்பதரையைத்தான் காட்டும்!

இப்போது ஒரு கேள்வி. 1976-லிருந்து 27 வருடம் பறந்த இந்த விமானத்தைப் பயணிகள் சேவையில் ஓட்டிய பெண்கள் எத்தனை பேர்? ஐம்பது? இருபது? ம்ஹூம்... இரண்டே பேர்! பிரிட்டிஷ் ஏர்வேஸில் பார்பரா ஹார்மர், ஏர் பிரான்ஸில் பியாட்ரிஸ் வியால்.

திறமை இல்லையா என்ன? இரண்டாம் உலகப் போரிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள், தொழிற்சாலையிலிருந்து ஸ்பிட்ஃபயர் போன்ற போர் விமானங்களை ஓட்டிக்கொண்டுபோய்ப் படைத்தளங்களில் சேர்த்தார்கள். போர் முடிந்தது, ‘போய் வாருங்கள் அம்மா’ என்று அனுப்பிவிட்டார்கள்.

விஷயம் வேறு. விமான கம்பெனிகளுக்கு விமானிகள் பெரும்பாலும் ராணுவத்திலிருந்து வந்தார்கள். பிரிட்டிஷ் விமானப்படையோ 1989 வரை பெண்களை விமானிகளாகச் சேர்க்கவே இல்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் முதல் பெண் விமானியாக லின் பார்ட்டனை எடுத்தது 1987-ல்தான். நம்ம இந்தியன் ஏர்லைன்ஸில் துர்பா பானர்ஜி 1966-லேயே சேர்ந்துவிட்டார் என்பதை நினைத்துப் பாருங்கள்!

சேர்ந்தால் மட்டும் போதுமா? பெரிய கம்பெனிகளில் எல்லாமே சீனியாரிட்டி. நல்ல விமானம், நல்ல ரூட் எல்லாம் முன்னால் சேர்ந்தவருக்கே. யாரும் யாரையும் திட்டவேண்டாம், தடுக்கவேண்டாம். கதவைத் தாமதமாகத் திறந்தாலே போதும், மற்றதை வரிசை பார்த்துக்கொள்ளும்.

அந்த வரிசையில்தான் பார்பரா ஹார்மர் புகுந்து வந்தார். பதினைந்து வயதில் பள்ளியை விட்டுவிட்டு, சிகையலங்காரக் கடையில் வேலை பழகிய பெண். பிறகு கேட்விக் விமான நிலையத்தில் கட்டுப்பாட்டு அதிகாரி. மற்றவர்கள் பறப்பதைப் பார்த்துக்கொண்டே, தானும் பறக்கக் கற்றார். தபால் வழியில் படித்து, 1982-ல் லைசென்ஸ் வாங்கினார். அப்புறம் வேலை தேடும் படலம். போட்ட விண்ணப்பங்கள் நூறுக்கும் மேல்! முதலில் ஒரு குட்டிக் கம்பெனி, 1984-ல் பிரிட்டிஷ் கலிடோனியன். அது பிரிட்டிஷ் ஏர்வேஸோடு இணைந்ததால் இவரும் உள்ளே வந்தார். 1993 மார்ச் 25... கான்கார்டின் காக்பிட்டில் ஹார்மர்! விமானம் சேவைக்கு வந்து பதினேழு வருடம் கழித்து.

பத்தே வருடத்தில் விமானமே ஓய்வு பெற்றுவிட்டது. ஹார்மர் போயிங் 777-க்கு மாறினார். 2011-ல், 57 வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது.

லின் பார்ட்டன்? 2008-ல் ஹீத்ரோவின் ஐந்தாவது டெர்மினலுக்கு வந்துசேர்ந்த முதல் விமானத்தின் கேப்டன் அவர்தான். வேலையில் சேர்ந்து 21 வருடம் கழித்து!

ஒரு விமானத்தின் கடைசிப் பயணத்தை டி.வி-யில் காட்டினால், காக்பிட்டில் இருப்பது யார் என்று பாருங்கள். இருபது, முப்பது வருடத்துக்கு முன்னால் வேலைக்கு யாரை எடுத்தார்கள் என்பதற்கான பதில் அங்கே உட்கார்ந்திருக்கும். இன்று யாரை எடுக்கிறோம் என்பதற்கான பதிலை, நம் பிள்ளைகள் பார்ப்பார்கள்.