உலை தந்த பதவி, உலையோடு போன பதவி: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அணுக்கருப் பொறியியல், ஐசோடோப்பு ஆய்வு ஆசிரியர் நியமனங்களின் வரலாறு

முன்னுரை

ஒரு துறையில் பட்டம் பெற்றவர்களைக் கொண்டே அத்துறையைக் கற்பிப்பது பல்கலைக்கழக மரபு. பட்டம் பெற்றவர் ஒருவர்கூட இல்லாத துறைக்கு யாரை ஆசிரியராக நியமிப்பது? இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முன் இந்தக் கேள்வி வந்து நின்றது. அணு உலையை வடிவமைக்கத் தெரிந்தவர்கள் அரசின் மறைவுத் தளங்களில் இருந்தார்கள். அவர்கள் அறிந்தவை அரசு இரகசியங்கள். கற்பிக்கத் தேவையான எரிபொருளும் கருவிகளும் அரசின் உடைமைகள்.

அந்தத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை அணுக்கருப் பொறியியலிலும் கதிரியக்க ஐசோடோப்பு ஆய்விலும் ஆசிரியர் நியமனங்கள் எவ்வாறு நடந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நியமனங்கள் இரண்டு வழிகளில் நடந்தன. ஒன்று, வளாகத்து உலையை மையமாகக் கொண்டு தனித்துறையாக வளர்ந்த வழி. மற்றொன்று, வேதியியல், மருத்துவம், உயிரியல் எனப் பல துறைகளில் சிதறிக் கிடந்த ஐசோடோப்பு வழி. முதல் வழியின் ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. அதைப் பற்றிக் குழுக்கள் அமைந்தன, அறிக்கைகள் வந்தன. இரண்டாவது வழி யாரும் கவனிக்காமலே மெலிந்தது. ஒரு பணியிடம் எந்தத் துறையின் கணக்கில் இருக்கிறது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஓக் ரிட்ஜ் என்னும் நாற்றங்கால்

டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் 1943 நவம்பர் 4 அன்று இயங்கத் தொடங்கிய எக்ஸ்-10 கிராஃபைட் உலை, போர்க்காலத்தில் புளூட்டோனியம் ஆக்கும் முறையைச் சோதித்துப் பார்ப்பதற்காகக் கட்டப்பட்டது. போர் முடிந்ததும் அதற்கு வேறொரு பயன் கிடைத்தது. கதிரியக்க ஐசோடோப்புகளை வெளியாருக்கு வழங்கப்போவதாக 1946 ஜூனில் 'சயன்ஸ்' இதழில் அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று, செயின்ட் லூயிஸ் நகரின் பர்னார்ட் புற்றுநோய் மருத்துவமனைக்குச் சிறிதளவு கார்பன்-14 அனுப்பப்பட்டது. ஆக, போருக்குப் பின் அணு உலை வெளியுலகுக்குத் தந்த முதல் பொருள் ஐசோடோப்புதான். மின்சாரம் வெகுகாலம் கழித்தே வந்தது.

ஐசோடோப்பு கைக்கு வந்தால் போதாது, அதைக் கையாளத் தெரிந்தவர் வேண்டும். 1946 அக்டோபரில் தென் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பதினான்கு சேர்ந்து ஓக் ரிட்ஜ் அணுக்கரு ஆய்வு நிறுவனத்தை உருவாக்கின. டென்னசி பல்கலைக்கழக இயற்பியலாளர் வில்லியம் போலார்ட் இம்முயற்சிக்குத் தலைமை தாங்கினார். 1948 முதல் இந்நிறுவனம் ஐசோடோப்பு நுட்பங்களில் குறுகிய காலப் பயிற்சி வகுப்புகளை நடத்தியது. அவற்றில் சேர்ந்த பலர் ஏற்கெனவே ஏதோ ஒரு துறையில் ஆசிரியராகவோ மருத்துவராகவோ இருந்தவர்கள். அளவிடவும் பாதுகாப்பாகக் கையாளவும் கற்றுக்கொண்டு தத்தம் இடத்துக்குத் திரும்பினார்கள். தாவரவியலாளர் தாவரவியலாளராகவே இருந்தார். அவர் ஆய்வுக்கூடத்தில் ஒரு கைகர் எண்ணி கூடுதலாக வந்து சேர்ந்தது. ஐசோடோப்பு ஆய்வுக்கென்று புதிய பணியிடம் கேட்கவேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை. அக்காலத்தில் இது வசதியாகவே இருந்தது. இதன் விளைவு பல பத்தாண்டுகளுக்குப் பின்பே தெரிந்தது.

உலைப் பொறியியல் இப்படிப் பரவ வழியில்லை. 1946ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் பிளவுறும் பொருள்களை அரசின் தனியுடைமை ஆக்கியது. உலை பற்றிய தகவல்களின் பெரும்பகுதியைத் தடைக்குட்பட்ட தரவு என வகைப்படுத்தியது. ஆகவே உலைப் பொறியியலுக்கான பள்ளி வேலிக்குள்ளேயே அமைந்தது. 1950இல் தொடங்கிய ஓக் ரிட்ஜ் உலைத் தொழில்நுட்பப் பள்ளி, தொழில் நிறுவனங்களும் அரசுத் துறைகளும் அனுப்பிய பொறியாளர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி தந்தது. சாமுவேல் கிளாஸ்டனும் மில்டன் எட்லண்டும் எழுதி 1952இல் வெளிவந்த உலைக் கோட்பாட்டு நூல் இந்தச் சூழலில் உருவானதே. இரகசிய நீக்கம் பெற்ற பகுதிகள் அச்சில் வந்தபோதுதான் வேலிக்கு வெளியே இருந்த வகுப்பறைகளுக்குப் பாடநூல் கிடைத்தது.

பட்டம் இல்லாத முதல் தலைமுறை

வட கரோலினா மாநிலக் கல்லூரி (இன்றைய வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம்) 1949இல் கிளிஃபோர்ட் பெக்கை இயற்பியல் துறைத் தலைவராக அழைத்தது. அவர் ஓக் ரிட்ஜில் பணியாற்றியவர். வளாகத்தில் ஓர் உலையும் அதையொட்டி ஒரு பாடத்திட்டமும் வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தார். 1950இல் பாடத்திட்டம் தொடங்கியது. ஓக் ரிட்ஜில் பணியாற்றிய ரேமண்ட் மர்ரேயும் அங்கு வந்து சேர்ந்தார். அவர் எழுதிய அணுக்கருப் பொறியியல் அறிமுக நூல் 1954இல் வெளிவந்தது. லாஸ் அலமாஸில் உருவாகி இரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்த ஒரு வடிவமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்ட உலை 1953 செப்டம்பரில் இயங்கியது. பல்கலைக்கழகம் ஒன்று தானே கட்டி நடத்திய முதல் அணு உலை அது. சில ஆண்டுகளில் பெக் அணுசக்தி ஆணையத்தில் பணியாற்றச் சென்றுவிட்டார். அரசின் கூடத்திலிருந்து வளாகத்துக்கும் வளாகத்திலிருந்து அரசுக்கும் ஆள் போய்வருவது அன்று முதலே இத்துறையின் இயல்பானது.

பிற இடங்களிலும் இதே முறை தென்படுகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) 1951இல் மேன்சன் பெனடிக்டை அணுக்கருப் பொறியியல் பேராசிரியராக நியமித்தது. அவர் வேதிப் பொறியாளர்; யுரேனியத்தைச் செறிவூட்டும் வாயு விரவல் ஆலையின் வடிவமைப்பில் முதன்மைப் பங்கு வகித்தவர். தனித்துறை 1958இல்தான் உருவானது. அதாவது துறைக்கு ஏழு ஆண்டுகள் முன்னதாகவே பேராசிரியர் வந்துவிட்டார். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஓக் ரிட்ஜிலிருந்து வந்த வில்லியம் பிரசீல் மின்பொறியாளர். அதிபர் ஐசனோவரின் தம்பி மில்டன் ஐசனோவர் அப்போது அப்பல்கலைக்கழகத்தின் தலைவர். 1955இல் அங்கு உரிமம் பெற்று இயங்கத் தொடங்கிய உலை பிரசீலின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

இந்த நியமனங்களில் பட்டச் சான்று பார்க்கப்படவில்லை. போர்க்காலத்தில் எந்தக் கூடத்தில் எதைச் செய்தார் என்பதே தகுதி. இரகசியத்தின் காரணமாக ஆய்வுக் கட்டுரைகளையும் முழுதாகக் காட்ட இயலாத நிலையில், உடன் பணியாற்றியவர்களின் பரிந்துரையே சான்றாயிற்று. அத்தகையோர் ஒரு சில கூடங்களில் மட்டுமே இருந்ததால் முதல் தலைமுறைப் பேராசிரியர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

உலை இருந்தால் துறை

1953 டிசம்பர் 8 அன்று ஐசனோவர் ஐ.நா. பொதுச்சபையில் ஆற்றிய 'அமைதிக்கு அணு' உரையும், 1954இல் திருத்தியமைக்கப்பட்ட அணுசக்திச் சட்டமும் வேலியைத் தளர்த்தின. மிச்சிகன் பல்கலைக்கழகம் போரில் இறந்த தன் மாணவர்களுக்கும் பணியாளர்களுக்கும் நினைவாக 1948இல் தொடங்கியிருந்த ஃபீனிக்ஸ் திட்டத்தில், ஃபோர்டு மோட்டார் நிறுவனம் வழங்கிய 10 லட்சம் டாலர் நன்கொடையால் ஓர் உலை எழுந்தது. 1957இல் இயங்கத் தொடங்கியது. ஜெனரல் அட்டாமிக் நிறுவனம் 1958இல் அறிமுகப்படுத்திய டிரிகா வகை உலை, தன் எரிபொருளின் இயல்பாலேயே மிகை வெப்பத்தில் ஆற்றலைத் தானாகக் குறைத்துக்கொள்ளக் கூடியது. இந்தப் பாதுகாப்பை நம்பிப் பல வளாகங்கள் அதை வாங்கின. எரிபொருளை அரசு வழங்கியது. முதுநிலை மாணவர்களுக்கு அணுசக்தி ஆணையத்தின் உதவித்தொகை வந்தது.

உச்சக் காலத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழக உலைகள் இருந்தன. ஒவ்வோர் உலைக்கும் இயக்குநர், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர், உரிமம் பெற்ற இயக்குவோர், அவர்களோடு பாடம் நடத்தும் ஆசிரியர்கள் என்று பணியிடங்கள் உருவாயின. புதிய ஆசிரியர்கள் இப்போது இத்துறையிலேயே முனைவர் பட்டம் பெற்றவர்கள். 1960களில் மின்நிறுவனங்கள் உலைகளுக்குக் கொள்முதல் ஆணை கொடுக்கக் கொடுக்க மாணவர் எண்ணிக்கையும் ஆசிரியர் எண்ணிக்கையும் கூடின. அப்போது இளம் வயதில் நியமனம் பெற்றவர்கள் அனைவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஓய்வு பெறப்போகிறவர்கள் என்பதை அந்த வளர்ச்சி மறைத்துவிட்டது.

துறையில்லாத ஐசோடோப்பு

இதே காலத்தில் ஐசோடோப்பு ஆய்வு அடைந்த வெற்றிகள் எண்ணற்றவை. 1950களின் இறுதியில் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் டெக்னீசியம்-99எம் தரும் ஆக்கி உருவானது. 66 மணி நேர அரை ஆயுளுள்ள மாலிப்டினம்-99ஐ ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, அது சிதைந்து உண்டாகும் 6 மணி நேர அரை ஆயுளுள்ள டெக்னீசியத்தை வேண்டும்போது பிரித்தெடுக்கும் இந்த முறை அணுக்கரு மருத்துவத்தை அன்றாட மருத்துவமனைப் பணியாக்கியது.

பல்கலைக்கழகத்தில் இப்பணிக்குரியவர் யார்? மிசூரி பல்கலைக்கழகத்தின் எடுத்துக்காட்டு விளக்கம் தரும். கொலம்பியா நகரிலுள்ள அதன் ஆய்வு உலை 1966 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. 1974இல் 10 மெகாவாட்டாக உயர்த்தப்பட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழக உலைகளில் மிகுந்த திறனுடையது இதுவே. எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலியைத் தணிக்கும் சமாரியம்-153 மருந்து, இங்குள்ள ஆய்வாளர்களும் டவ் கெமிக்கல் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. 1997இல் ஒப்புதல் பெற்றது. கல்லீரல் புற்றுநோய்க்கான இட்ரியம்-90 கண்ணாடி நுண்மணிகளை உருவாக்கியவர்களில் ஒருவர் இப்பல்கலைக்கழகத்தின் ரோலா வளாகத்துப் பீங்கான் பொறியியல் பேராசிரியர் டெல்பர்ட் டே. மற்றவர் உலை மையத்தின் கேரி எர்ஹார்ட். இந்தப் பட்டியலில் வேதியியலார், கதிரியல் துறையினர், பீங்கான் பொறியாளர் என்று பலர் உண்டு. ஐசோடோப்பு ஆய்வு அவர்களுக்குள் ஓர் உறவாக இருந்தது. பல்கலைக்கழக வரவுசெலவுப் பட்டியலில் அதற்கென்று தலைப்பு இல்லை.

சரிவு: இரண்டு விதம்

1970களின் நடுவிலேயே உலைக் கொள்முதல்கள் குறைந்துவந்தன. 1979 மார்ச் 28 அன்று நிகழ்ந்த திரீ மைல் தீவு விபத்து அப்போக்கை முடுக்கியது. பெர்க்லி வளாக உலை 1987இல் மூடப்பட்டது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1988இல் உலையும் 1992இல் துறையும் மூடப்பட்டன. வர்ஜீனியா பல்கலைக்கழக உலை 1998இலும், கார்னெல் உலை 2002இலும், மிச்சிகனின் ஃபோர்டு உலை 2003இலும் நின்றன. 1990களில் இளநிலை மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. 1990இல் தேசிய ஆய்வு மன்றம் வெளியிட்ட அறிக்கையும், 2000இல் மைக்கேல் கொராடினி தலைமையிலான குழு அளித்த அறிக்கையும் துறைகளின் நலிவையும் ஆசிரியர்கள் முதுமையடைவதையும் பதிவு செய்தன.

உலை போனால் துறையும் போகும் என்று இதைக் கொண்டு பொதுவிதி வகுத்துவிட முடியாது. பெர்க்லியிலும் மிச்சிகனிலும் உலை போயும் துறைகள் நிலைத்தன. அங்கே கதிர்வீச்சு உணர்கருவிகள், பிளாஸ்மா, பொருளியல்புகள், கணினி உருவகிப்பு எனப் பல புலங்களில் ஆசிரியர்கள் இருந்தார்கள். மிச்சிகனில் 'கதிரியல் அறிவியல்' என்பதையும் துறையின் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். உலையை மட்டுமே நம்பியிருந்த சிறு துறைகளுக்கு இந்த மாற்றுவழி இல்லை. ஆனால் மூடப்பட்ட துறையேனும் மூடப்பட்டது என்று பதிவாயிற்று.

கதிரியக்க வேதியியலின் சரிவில் மூடுவதற்கு ஒன்றுமே இல்லை. வேதியியல் துறையில் இருந்த ஒரே கதிரியக்க வேதியியலார் ஓய்வு பெறுவார். காலியிடம் துறைக்குச் சொந்தம். உயிர்வேதியியலோ நானோ பொருள்களோ நிதி ஈர்க்கும் காலத்தில் துறை அந்தப் பக்கம் ஆளெடுக்கும். அந்த முடிவில் பகையும் இல்லை, தவறும் இல்லை. நாடு முழுதும் திரும்பத் திரும்ப நடந்தபோது கதிரியக்க வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டுவோரே அரிதாகிவிட்டார்கள். 1984 முதல் சான் ஹோசேயிலும் 1989 முதல் புரூக்ஹேவனிலும் இளநிலை மாணவர்களுக்கு நடந்துவரும் கோடைக்காலப் பள்ளிகள் ஆர்வத்தை மட்டுமே காத்தன. பணியிடத்தை அவற்றால் உருவாக்க இயலவில்லை.

மீட்சி

2005ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டத்துக்குப் பின் நேரடித் தலையீடு தொடங்கியது. அணுக்கரு ஒழுங்குமுறை ஆணையம், பணிக்காலத்தின் தொடக்கத்திலுள்ள ஆசிரியர்களுக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு மூன்றாண்டுகளில் 4,50,000 டாலர் வரை நல்கை வழங்கியது. மாணவருக்கு உதவித்தொகை தருவதிலிருந்து ஆசிரியரின் பணியிடத்தையே தாங்கிப் பிடிப்பதற்கு அரசின் கொள்கை நகர்ந்ததை இது காட்டுகிறது.

ஐசோடோப்புக்குத் திருப்பம் தந்தது தட்டுப்பாடு. கனடாவின் சாக் ரிவர் உலை 2009 மே முதல் 2010 ஆகஸ்ட் வரை நின்றது. நெதர்லாந்தின் பெட்டன் உலையும் 2010இல் பல மாதங்கள் பழுதுபார்ப்பில் இருந்தது. உள்நாட்டில் மாலிப்டினம்-99 உற்பத்தி இல்லாத அமெரிக்காவில் மருத்துவப் பரிசோதனைகள் தள்ளிப்போயின. 2012இல் தேசிய அகாதெமிகளின் அறிக்கை கதிரியக்க வேதியியல் வல்லமை நாட்டில் தேய்ந்துவருவதை எடுத்துரைத்தது. பின்னர் லூட்டீசியம்-177 கொண்ட மருந்துகளுக்கு 2018இலும் 2022இலும் ஒப்புதல் கிடைத்தது. 6.6 நாள் அரை ஆயுளுள்ள அந்த ஐசோடோப்பை மிசூரி உலை வாரந்தோறும் உற்பத்தி செய்கிறது.

இன்று இப்புலத்தில் ஆளெடுக்கும் பல்கலைக்கழகம் பெரும்பாலும் கூட்டு நியமனத்தை நாடுகிறது. உலை மையம் பட்டம் வழங்காது. பட்டம் வழங்கும் துறையிடம் மிகுந்த கதிரியக்கமுள்ள பொருள்களைக் கையாளும் கவச அறை இருக்காது. கதிரியக்கப் பொருள் உரிமம், கழிவு மேலாண்மை, கதிர்வீச்சுக் கவசமுள்ள ஆய்வறை ஆகியவை இல்லாத வளாகத்தில் சேரும் இளம் ஆசிரியர், நிரந்தரப் பணிக்கான தகுதிகாண் ஆண்டுகளின் ஒரு பகுதியை அனுமதிகளுக்கே செலவிட நேரும். எனவே ஒரு கால் துறையிலும் மறுகால் உலை மையத்திலும் வைத்துப் பணிபுரியும் ஏற்பாடு நடைமுறைத் தேவையாகிறது. இரண்டு இடத்துக் கடமையும் ஒருவர் தலையில் விழுவதும், அவரது பதவி உயர்வை எந்த இடத்து அளவுகோலால் மதிப்பிடுவது என்ற குழப்பமும் இதன் குறைகள்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளை எட்டலாம். முதலாவது, இப்புலத்தில் ஆசிரியர் நியமனத்தைப் பல்கலைக்கழகம் மட்டும் தீர்மானித்ததில்லை. இரகசியச் சட்டம், எரிபொருள் உடைமை, மின்சந்தை, மருந்து ஒப்புதல் ஆகியவை ஒவ்வொரு கட்டத்திலும் அதை வடிவமைத்தன. இரண்டாவது, ஒரே காலத்தில் பெருந்திரளாக நடந்த நியமனங்கள் ஒரே காலத்தில் வெறுமையையும் உண்டாக்கின. மூன்றாவது, ஒரு புலத்தின் அறிவு தலைமுறை தாண்டி நிற்க, அதன் சாதனைகளோ சமூகத் தேவையோ போதுமானவை அல்ல என்பதை ஐசோடோப்பு ஆய்வு காட்டுகிறது. அதன் மருந்துகள் நோயாளிகளைச் சென்றடைந்த அதே ஆண்டுகளில்தான் அதைக் கற்பிப்போர் குறைந்தார்கள்.

ஆகவே இன்று அறிவிக்கப்படும் புதிய நியமனங்களை மதிப்பிடும்போது, சேர்பவர் யார் என்பதோடு வேறொன்றையும் கேட்கவேண்டும்: அவர் ஓய்வு பெறும் நாளில் அந்தக் காலியிடம் யாருடையது? அது துறையின் பொதுக் கணக்குக்குத் திரும்பும் என்றால், இப்போதைய மீட்சியும் ஒரு தலைமுறைக்கு மேல் நீடிக்காது.