ராமநகரப் பாறைகளும் ஒரு படத்தின் இரண்டு முடிவுகளும்

பெங்களூருவின் ஸ்ரீராம்புரத்திலிருந்து தெற்கே இறங்கி, மாகடி சாலையைக் கடந்து, பின்னி மில் பகுதியையும் தாண்டினால் மைசூர் சாலை வந்துவிடும். அதே சாலையில் ஐம்பது கிலோமீட்டர் போனால் ராமநகரம். ஸ்ரீராம்புரம் அன்று மில் தொழிலாளர்களின் பேட்டை. 1884-ல் தொடங்கிப் பிறகு பின்னி கம்பெனியின் கைக்குப் போன ஆலையும், ராஜா மில், மினர்வா மில் போன்றவையும் வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களை இந்த நகரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தன. ஷிப்டு முடிந்தவர்களுக்குப் பொழுதுபோக்கு என்றால் நடந்து போகும் தூரத்தில் இருந்த மெஜஸ்டிக்தான். கெம்பேகவுடா சாலை நெடுகத் தியேட்டர்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி என்று எல்லா மொழிப் படமும் அங்கே ஓடும். ஆங்கிலப் படம் பார்க்க வேண்டுமென்றால் கண்டோன்மென்ட் பக்கம் போக வேண்டியிருந்தது. பிளாசா, ரெக்ஸ், லிடோ எல்லாம் அங்கேதான் இருந்தன. கௌபாய் படம் என்பது அந்தப் பக்கத்துச் சரக்கு.

1973 அக்டோபரில் அந்தச் சரக்கு மைசூர் சாலைக்கே வந்து இறங்கியது.

இயக்குநர் ரமேஷ் சிப்பி தன் 'ஷோலே' இந்திப் படத்தின் படப்பிடிப்பை ராமநகரத்தின் கருங்கல் குன்றுகளுக்கு நடுவே தொடங்கினார். கலை இயக்குநர் ராம் யேடேகர் அங்கே ஒரு முழுக் கிராமத்தையே எழுப்பினார். நெடுஞ்சாலையிலிருந்து அதற்குத் தனியாக ஒரு பாதை போடப்பட்டது. சண்டைக் காட்சிகளுக்கு ஜிம் ஆலன், ஜெரி கிராம்ப்டன் போன்றவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்தார்கள். ஒரு கோடி ரூபாய் என்று போட்ட கணக்கு மூன்று கோடியைத் தொட்டது. சில மாதங்களில் முடிய வேண்டிய வேலை இரண்டு ஆண்டுகளைத் தாண்டி இழுத்தது.

இழுத்ததற்குக் காரணங்கள் படத்திலேயே தெரிகின்றன. போலீஸ் அதிகாரியான தாக்கூரின் குடும்பத்தைக் கொள்ளைக்காரன் கப்பர் சிங் சுட்டுக் கொல்லும் காட்சியை முதலில் வெயிலில்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மேகம் கூடியது. அந்த மங்கிய வானம்தான் இந்தச் சாவுக்குப் பொருத்தம் என்று சிப்பிக்குத் தோன்றியது. எடுத்ததை ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்கினார். பிறகு வெயில் திரும்பி வந்தபோது, பெரிய திரை கட்டிச் சூரியனை மறைத்துப் படம் பிடித்தார்கள். அந்த ஒரு காட்சிக்கு மட்டும் இருபது நாட்களுக்கு மேல் ஆனது. ஒளிப்பதிவாளர் துவாரகா திவேச்சாவின் பொறுமைக்கு அந்தக் காட்சியே சாட்சி. ஊஞ்சல் கிறீச்சிடும், காற்று வீசும், வெள்ளைத் துணி போர்த்திய பிணங்கள் வரிசையாகக் கிடக்கும். கடைசியில் துப்பாக்கியை ஒரு சிறுவனை நோக்கித் திருப்புகிறான் கப்பர். அந்தக் குழந்தை விழுவதைப் படம் காட்டுவதில்லை. காட்டாததால்தான் அது மறக்க முடியாததாக இருக்கிறது.

1975 ஆகஸ்ட் 15 அன்று படம் வெளியானது. இன்று பலரும் நினைப்பதுபோல் அது முதல் நாளே கொண்டாடப்பட்ட படம் இல்லை. பெரிய பத்திரிகைகள் அதைக் கடுமையாக விமர்சித்தன. 'இந்தியா டுடே' விமர்சகர், ஆழமான குறைகள் கொண்ட முயற்சி என்று எழுதினார். மேற்கத்திய பாணியை இந்தியச் சூழலில் ஒட்டவைக்கப் பார்த்ததில் படம் இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் நின்றுவிட்டது என்றது 'ஃபிலிம்பேர்'. வணிக வட்டாரத்தில் படம் விழுந்துவிட்டது என்றே பேச்சு. முதல் வாரக் கடைசியில் படக்குழு அவசரமாகக் கூடி, அமிதாப் பச்சன் ஏற்ற ஜெய் பாத்திரம் சாகாமல் பிழைப்பதாக முடிவை மாற்றி எடுக்கலாமா என்று யோசித்தது. எழுத்தாளர்கள் சலீம் கானும் ஜாவேத் அக்தரும் பொறுத்திருக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் படம் ஒரு கோடி வசூலிக்கும் என்று தங்கள் பெயரிலேயே விளம்பரமும் கொடுத்தார்கள்.

மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் பம்பாய் வர்லியில் இருந்த கீதா தியேட்டரின் உரிமையாளர். இடைவேளையில் குளிர்பானமும் ஐஸ்கிரீமும் விற்கவில்லை என்பதைக் கவனித்த அவர், படம் வெற்றி என்று சிப்பியிடம் சொன்னார். பார்த்தவர்கள் உறைந்துபோய் இருக்கையை விட்டே எழவில்லை என்பது அவர் தந்த விளக்கம். கைதட்டலை எதிர்பார்த்தவர்கள் அந்த அமைதியைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நடந்தது வரலாறு: பம்பாய் மினர்வா தியேட்டரில் ஐந்து ஆண்டுகள் ஓட்டம். ஆனாலும் அந்த ஆண்டு ஃபிலிம்பேர் விருதுகளில் ஒன்பது பரிந்துரைகளுக்கு ஒரே ஒரு விருதுதான், எம்.எஸ். ஷிண்டேயின் படத்தொகுப்புக்கு. சிறந்த படத்துக்கான விருது, அதே எழுத்தாளர்களும் அதே அமிதாப்பும் சேர்ந்த 'தீவார்' படத்துக்குப் போனது. முப்பது ஆண்டு கழித்து, 2005-ல் அதே ஃபிலிம்பேர்தான் 'ஷோலே'யை ஐம்பது ஆண்டுகளின் சிறந்த படம் என்று அறிவித்தது.

அப்படியானால் 1975-ன் விமர்சகர்கள் கண் தெரியாதவர்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அவர்கள் சுட்டிய ஒட்டாமை உண்மை. ராமநகரம் பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். சுற்றுவட்டார உழவர்கள் கூடைகூடையாகக் கூடு கொண்டுவந்து ஏலம் விடும் ஊர். படத்தின் ராம்கட்டில் பட்டும் இல்லை, கன்னடமும் இல்லை. அது வரைபடத்தில் எங்கும் இல்லாத ஒரு கிராமம். குதிரைகளும் துப்பாக்கிகளும் வெளியிலிருந்து வந்தவை. பாறை மட்டும்தான் அந்த மண்ணுடையது. ஒரு ஊரை அதன் மக்களிடமிருந்து பிரித்து வெறும் பின்னணியாக ஆக்கியதை இன்று பார்ப்பவரும் கவனிக்கத்தான் வேண்டும்.

மேற்கத்திய பாணி நம் மண்ணில் ஒட்டுமா என்ற கேள்வி தமிழில் அதற்கு முன்பே வந்திருந்தது. ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான கர்ணன், ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றி 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972) என்று அடுத்தடுத்துக் கௌபாய் பாணிப் படங்களைக் கொடுத்துவிட்டார். குதிரைத் துரத்தல்களைப் படம் பிடிப்பதில் கர்ணனுக்கு இணையானவர் அன்று இங்கே இல்லை. தொப்பியும் தோல் பெல்ட்டும் தமிழ்நாட்டில் ஏது என்று கேட்காமல் மக்கள் ரசித்தார்கள். அந்தப் படங்கள் விறுவிறுப்புக்காக எடுக்கப்பட்டவை. துக்கத்தைக் கதையின் நடுவில் வைத்தது 'ஷோலே'. இரண்டு கைகளும் வெட்டப்பட்ட ஒரு மனிதனைப் படம் முழுக்கச் சால்வைக்குள் நிற்கவைப்பது வேறு வகைத் துணிச்சல்.

அந்தத் துணிச்சலின் மூலத்தை இத்தாலியில் தேடலாம். செர்ஜியோ லியோனேயின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) படத்திலும் ஒரு குடும்பம் வீட்டு வாசலிலேயே கொல்லப்படுகிறது. கடைசியில் ஒரு சிறுவன் கொலைகாரன் முன் தனியாக நிற்கிறான். அதன் நிழல் 'ஷோலே'யில் தெளிவாக விழுந்திருக்கிறது. லியோனேயின் படத்துக்கும் இதே கதிதான் நேர்ந்தது: அமெரிக்காவில் நீளம் என்று வெட்டினார்கள், அப்படியும் ஓடவில்லை, பிரான்சில் மக்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். இன்று அது அந்த வகையின் உச்சங்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது.

ஆனால் 'ஷோலே' பற்றிய வாதத்தில் ஒரு அநீதி கலந்திருக்கிறது. 1975-ல் அதைத் திட்டியவர்களும் கொண்டாடியவர்களும் இயக்குநர் எடுத்த முடிவைப் பார்க்கவே இல்லை. ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது; படம் வெளியானது அதற்கு ஐம்பத்தோரு நாள் கழித்து. சிப்பி முதலில் எடுத்த முடிவில், கையில்லாத தாக்கூர் ஆணி பதித்த செருப்பால் கப்பரை மிதித்தே கொல்கிறார். கொன்றபின் உடைந்து அழுகிறார். ஜெய்யின் நண்பன் வீரு அவரை அணைத்துக்கொள்கிறான். ஒரு முன்னாள் போலீஸ் அதிகாரி சட்டத்தைத் தன் காலில் எடுத்துக்கொள்வதைத் தணிக்கைக் குழு ஏற்கவில்லை. சிப்பி வாதாடிப் பார்த்தார். அப்பாவும் தயாரிப்பாளருமான ஜி.பி. சிப்பி, இந்தக் காலத்தில் எதிர்த்து நிற்க முடியாது என்று விட்டுக்கொடுக்கச் சொன்னார். தாக்கூராக நடித்த சஞ்சீவ் குமார் தான் போயிருந்த சோவியத் நாட்டிலிருந்து திரும்பி வந்தார்; படக்குழு மறுபடி ராமநகரம் போய், கடைசி நிமிடத்தில் போலீஸ் வந்து தாக்கூரைத் தடுப்பதாக எடுத்தது. கிராமத்து இமாமின் மகன் அகமது கொல்லப்படும் காட்சியும் வெட்டுப்பட்டது. கப்பர் ஒரு எறும்பை நசுக்குவதோடு அது நின்றுவிடுகிறது.

எறும்புக் காட்சியைப் பொறுத்தவரை வெட்டியது படத்துக்கு நல்லதாகவே முடிந்தது. சொல்லாமல் சொன்னது அது. முடிவு அப்படியல்ல. பழிவாங்கிய பிறகும் தாக்கூருக்கு எதுவும் திரும்பவில்லை, அழுகைதான் மிச்சம் என்பதே படம் மூன்று மணி நேரமாகச் சொல்லிவந்த கதை. போலீஸ் வந்து பாடம் சொல்லும் முடிவில் அந்த வலி அறுந்துபோகிறது. வன்முறை அதிகம் என்று அன்று வருந்தியவர்கள், வன்முறையின் விலையைக் காட்டிய அந்தக் கண்ணீர் தங்களிடமிருந்து மறைக்கப்பட்டதை அறிந்திருக்கவில்லை. அந்த இடைவெளியில் கப்பர் சிங் ஒரு செல்லப் பாத்திரமாகவே மாறினான். வசனங்கள் மட்டும் அடங்கிய இசைத்தட்டு வீடு வீடாக ஒலித்தது. அம்ஜத் கான் கப்பர் வேடத்திலேயே பிரிட்டானியா குளுக்கோஸ் பிஸ்கெட் விளம்பரத்தில் தோன்றினார். திரையில் குழந்தையைக் கொன்றவன் குழந்தைகளுக்குப் பிஸ்கெட் சிபாரிசு செய்த காலம் அது.

ராமநகரப் பாறைகளின் கதை படத்தோடு முடியவில்லை. டேவிட் லீன் 'எ பாசேஜ் டு இந்தியா' (1984) படத்தின் குகைக் காட்சிகளுக்கு இதே வட்டாரத்தைத் தேடி வந்தார். கிராமத்து அரங்கம் பிரிக்கப்பட்டு மறைந்தது. பாறைகளில் முன்பே குடியிருந்த கருங்கழுத்துப் பாறுக் கழுகுகளுக்கும் மஞ்சள்முகப் பாறுக் கழுகுகளுக்கும் 2012-ல் ராமதேவர பெட்டாவில் சரணாலயம் அமைந்தது. பிறகு 'ஷோலே' கிராமத்தை மறுபடி உருவாக்கிச் சுற்றுலா நடத்தலாம் என்று அரசுத் தரப்பில் யோசனை எழுந்தபோது, சூழலியலாளர்கள் பாறுகளைக் காட்டி எதிர்த்தார்கள். அவர்கள் பக்கமே நியாயம். சினிமாவுக்காக அந்த ஊர் ஏற்கெனவே ஒருமுறை தன்னை முழுசாகக் கொடுத்துவிட்டது.

2025 ஜூனில், ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் மீட்டெடுத்த 'ஷோலே' இத்தாலியின் பொலோன்யா நகரச் சதுக்கத்தில் திரையிடப்பட்டது. சிப்பி முதலில் எடுத்த முடிவும் வெட்டப்பட்ட காட்சிகளும் அதில் இருந்தன. படத்தைப் பிடிக்காது என்பவர்களும் சரி, பத்து முறை பார்த்தோம் என்பவர்களும் சரி, அந்தப் பிரதியை ஒருமுறை பார்த்துவிட்டு வாதத்தைத் தொடருங்கள்.