ஹவுரா பாலம்: மிதவையில் தொடங்கி ஆற்றடிச் சுரங்கம் வரை... ஹூக்ளியைக் கடந்த வரலாறு

கொல்கத்தா: சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் சென்று இறங்கும் பயணி, ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் காண்பது வானை மறைத்து நிற்கும் ஓர் எஃகுப் பாலத்தை. ஹூக்ளி ஆற்றின் நடுவே ஒரு தூண்கூட இன்றி அது நிற்கிறது. இதை அழகுக்காகச் செய்ததாகவோ பொறியாளர்களின் திறமைக் காட்சியாகவோ கருதிவிடக் கூடாது. ஆற்றைக் குறுக்கே கடக்க விரும்பிய நகரத்துக்கும், ஆற்றின் வழியே செல்ல விரும்பிய கப்பல்களுக்கும் இடையே ஏறத்தாழ 70 ஆண்டுகள் நீடித்த இழுபறியின் முடிவு அது.

1854 ஆகஸ்ட் 15 அன்று ஹவுராவிலிருந்து ஹூக்ளி நகருக்கு முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. அப்போதைய இந்தியாவின் தலைநகரான கொல்கத்தா இருந்ததோ எதிர்க்கரையில். நாட்டின் பல பகுதிகளிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்தவர்களும் சரக்குகளும் கடைசியில் படகுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

மிதவைகளின் மேல் ஒரு சாலை:

பாலம் அமைப்பதற்கான சட்டம் 1871-ல் இயற்றப்பட்டது. பொறியாளர் பிராட்ஃபோர்டு லெஸ்லியிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. ஆற்றில் தூண்களை நட்டால் நீரோட்டம் தடைபட்டு வண்டல் படியும். துறைமுகத்தின் உயிர்நாடியான கப்பல் தடம் மேடாகிவிடும். ஆகவே வரிசையாக மிதவைகளை நிறுத்தி, அவற்றின் மேல் சாலை அமைப்பது என்று முடிவானது. பாகங்கள் இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டு, கப்பலில் கொல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு இணைக்கப்பட்டன.

பணி நிறைவடையும் முன்பே சோதனை வந்தது. 1874 மார்ச் 20 அன்று வீசிய புயலில், எகேரியா என்ற நீராவிக் கப்பல் நங்கூரக் கட்டுகளை அறுத்துக்கொண்டு வந்து பாலத்தின் மீது மோதியது. 3 மிதவைகள் மூழ்கின. சுமார் 200 அடி நீளப் பகுதி சேதமடைந்தது. எனினும் அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று பாலம் திறக்கப்பட்டது. நீளம் 1,528 அடி. அகலம் 62 அடி. அதில் வண்டிகளுக்கு 48 அடி, இருபுறமும் நடப்போருக்குத் தலா 7 அடி. 1879-ல் மின்விளக்குகளும் வந்தன.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. கப்பல்கள் செல்வதற்காகப் பாலத்தின் நடுவே 200 அடி நீளமுள்ள பகுதியைக் கழற்றி விலக்க வேண்டும். அவ்வாறு விலக்கும் ஒவ்வொரு முறையும் நகரத்துக்கும் அதன் ரயில் நிலையத்துக்கும் இடையிலான தொடர்பு அறுந்தது. ரயிலைப் பிடிக்க வந்தவர் அக்கரையைப் பார்த்தபடி நிற்க வேண்டியதுதான். 1906 ஜூன் முதல், கடற்கப்பல்கள் தவிர மற்றவற்றுக்கு இரவில் பாலத்தைத் திறக்கும் முறை வந்த பிறகே பகல் நேர நெருக்கடி சற்றுக் குறைந்தது.

அதே ஆண்டு துறைமுக நிர்வாகம் 16 நாட்கள் போக்குவரத்துக் கணக்கெடுப்பு நடத்தியது. மிக நெரிசலான ஆகஸ்ட் 27 அன்று, பாலத்தைக் கடந்த வண்டிகளில் 13-ல் 8 பங்கு மாட்டு வண்டிகள்! போக்குவரத்தின் வேகத்தை மாடுகளின் நடையே நிர்ணயித்தது. போதாததற்கு, கரையை ஒட்டிய பகுதிகளில் சாலையின் அகலம் 43 அடியாகச் சுருங்கியது.

தூண் இல்லாத விடை:

புதிய பாலம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எத்தகைய பாலம் என்பதில்தான் விவாதம். இடையே முதல் உலகப் போர் குறுக்கிட்டது. மிதவைப் பாலத்தைப் பழுதுபார்த்தே காலம் தள்ள நேர்ந்தது. 1921-ல் சர் ராஜேந்திரநாத் முகர்ஜி தலைமையில் பொறியாளர் குழு அமைக்கப்பட்டது. 1926-ல் புதிய ஹவுரா பாலச் சட்டம் நிறைவேறியது. கட்டுமானம் தொடங்கியதோ 1936-ல்.

ரெண்டல், பால்மர் அண்ட் டிரிட்டன் நிறுவனம் வடிவமைத்த இந்தப் பாலம் கேண்டிலீவர் வகையைச் சேர்ந்தது. இரு கரைகளிலும் சுமார் 280 அடி உயரக் கோபுரங்கள். அவற்றிலிருந்து ஆற்றின் மேல் நீளும் எஃகுக் கரங்கள். இரண்டையும் இணைக்கும் நடுப்பகுதி. கோபுரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 1,500 அடி. சாலைத் தளம் இந்தக் கட்டமைப்பிலிருந்து 39 இணைத் தொங்கு தண்டுகளால் தாங்கப்படுகிறது. ஆற்றுக்குள் ஏதும் இல்லை.

அடித்தளத்துக்காக மாபெரும் கூடுகள் வண்டல் மண்ணுக்குள் இறக்கப்பட்டன. ஒருமுறை அடியில் இருந்த மண் திடீரெனச் சரிந்து, முழு எடையும் 2 அடி கீழே இறங்கியது. அதன் அதிர்வை கிதிர்பூரில் இருந்த கருவி நிலநடுக்கம் என்றே பதிவு செய்தது. கரையில் இருந்த ஒரு கோயில் இடிந்து, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. தோண்டிய மண்ணிலிருந்து நங்கூரங்களும் பீரங்கிக் குண்டுகளும் பித்தளைப் பாத்திரங்களும் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து நாணயங்களும் வெளிவந்தன.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் இங்கிலாந்திலிருந்து எஃகு வருவது அரிதானது. தேவைப்பட்ட 26,500 டன்னில் 23,000 டன்னை டாடா நிறுவனம் வழங்கியது. பாகங்கள் அனைத்தும் ரிவெட் ஆணிகளால் பிணைக்கப்பட்டன. 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் கொல்கத்தா மீது குண்டு வீசியிருந்த நிலையில், 1943 பிப்ரவரி 3 அன்று பாலம் எந்த விழாவும் இன்றித் திறக்கப்பட்டது. அதை முதலில் கடந்தது தனியொரு டிராம் வண்டி. 1965-ல் ரவீந்திர சேது என்று பெயரிடப்பட்டது. மக்கள் நாவில் இன்றும் அது ஹவுரா பாலம்தான்.

பாலத்துக்குத் துணை:

நெரிசல் மீண்டும் பெருகியது. தென்புறத்தில் இரண்டாவது பாலத்துக்கு 1972 மே மாதம் பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். பணி தொடங்க 7 ஆண்டுகள், முடிய மேலும் 13 ஆண்டுகள். 823 மீட்டர் நீளமுள்ள, கேபிள்களால் தாங்கப்படும் வித்யாசாகர் சேது 1992 அக்டோபர் 10 அன்று திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஹவுரா பாலத்தில் டிராம் சேவை நிறுத்தப்பட்டது.

2024 மார்ச் மாதம் மெட்ரோ ரயில் ஆற்றுக்கு அடியில் ஓடத் தொடங்கியது. நாட்டிலேயே ஆற்றடியில் அமைந்த முதல் மெட்ரோ சுரங்கம் இது. ஆற்றின் கீழுள்ள 520 மீட்டரை ரயில் சுமார் 45 விநாடிகளில் கடக்கிறது.

இதற்கிடையே கப்பல்களின் நிலையும் மாறிவிட்டது. வண்டல் பிரச்சினை தீராததால், கடலுக்கு அருகில் ஹால்டியாவில் 1977-ல் புதிய துறைமுக வளாகம் செயல்படத் தொடங்கியது. எந்தக் கப்பல்களுக்காக ஆற்றை வெறுமையாக விட்டார்களோ, அவற்றில் பெரியவை இன்று ஹவுரா வரை வருவதில்லை.

இப்போது பாலத்துக்கு ஆபத்து மேலிருந்து வருகிறது. வெற்றிலைபாக்கு எச்சிலால் தொங்கு தண்டுகளின் அடிப்பகுதியில் உள்ள எஃகு உறைகள் 6 மில்லிமீட்டர் தடிமனிலிருந்து 3 மில்லிமீட்டராக அரிக்கப்பட்டிருப்பது 2011-ல் தெரியவந்தது. அதன் பிறகு அவற்றுக்குக் கண்ணாடியிழைக் கவசம் அணிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் உறுதித்தன்மை ஆய்வுக்காக, இரவு 11.30 மணி முதல் அதிகாலை 4.30 மணி வரை பாலம் மூடப்பட்டது. பராமரிப்புப் பொறுப்பு, 1906-ல் மாட்டு வண்டிகளை எண்ணிய அதே துறைமுக நிர்வாகத்திடம்தான் இன்றும் உள்ளது.